மலைக்கும் சேர்த்து ஓகே

நவ. 3, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். கள்ளக்குறிச்சி ஆபீஸ் கூரை மறுபடி ஒழுகல். பிரின்டர் மேல் பிளாஸ்டிக் கவர்.

பதினோரு மணிக்குச் சென்னையோடு வாராந்திர வீடியோ மீட்டிங். பெரிய மேனேஜர் (பெ.மே.) ஒவ்வொரு பால் நிலையமாகப் பெயர் சொல்வார். அந்தந்தப் பொறுப்பாளர் "ஓகே சார்" சொல்லவேண்டும். கல்வராயன் மலை நிலையத்தில் டவர் கிடையாது. ரெண்டு வருஷமாக மலைக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவது வழக்கம். ஏரியா ஆபீசராம்.

இன்றைய முடிவு: மலையிலிருந்து பால் வண்டி ஆறரைக்குப் பதில் ஐந்தரைக்கே கிளம்பவேண்டும்.

மலைப் பொறுப்பாளர் ராணி, விஷயம் காதில் விழுந்து போன வாரமே பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். "விடியாம காட்டு வழியில யாரும் கேனைத் தூக்கினு வர மாட்டாங்க சார். கரடி நிக்கும். ஒத்துக்காதீங்க." நான் பேசுகிறேன் என்றேன்.

பேசத்தான் உட்கார்ந்தேன். முறை வந்ததும் வாயில் வந்தது "ஓகே சார்". "குட், மலையும் ஒத்துக்கிச்சு" என்றார் பெ.மே. யாருமே மறுக்காத இடத்தில் நான் ஒருத்தன் மறுப்பதா என்று இருந்தது.

வாங்க: பிரின்டர் மை, கொசுவத்தி, அம்மா பி.பி. மாத்திரை.

நவ. 6, வியாழன்
மழை இல்லை. புது நேர சர்க்குலரை வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். நானே போயிருக்கலாம். பைக்கில் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. ராணி முகத்தைப் பார்க்கப் பயம், வேறென்ன.

படித்துவிட்டு ராணி என்ன சொன்னார் என்று டிரைவரைக் கேட்டேன். "சார் சொல்லியும் சென்னையில கேக்கல போல"ன்னு சொன்னாங்க என்றார்.

மாத்திரை வாங்கியாச்சு. மை இல்லை.

நவ. 11, செவ்வாய்
நேற்று புது நேரத்தின் முதல் நாள். வண்டி போனபிறகு பதினோரு பேர் கேனோடு வந்து நின்றார்களாம். திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

இன்று ராணி வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். கடைசி ஆள் ஊற்றியபிறகுதான் வழிவிட்டார். கிளம்பும்போது ஆறே முக்கால். கீழே டேங்கர் காத்துக் கிடந்தது. ஒன்பது மணிக்குள் சென்னையிலிருந்து போன்: மெமோ கொடுங்கள்.

மெமோ அடிப்பது என் வேலை. "தங்கள் நிலையத்தின் ஒப்புதலுடன் மாற்றப்பட்ட நேரத்தை மீறியது ஏன்?" ஒப்புதல் என்பதை மூன்று முறை அழித்தேன், மூன்று முறை திரும்ப அடித்தேன். பிரின்ட் வெளிறி வந்தது. அந்தச் சொல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. த்தூ, நானும் ஒரு ஆபீசர்.

நவ. 13, வியாழன்
மலையில் பனி. இந்த முறை நானே போனேன். மெமோவை வாங்கிப் படித்துவிட்டு ராணி நாற்காலி எடுத்துப் போட்டார். டீ வேறு. இந்த மாதிரி பதிலெல்லாம் தனக்கு எழுத வராது, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இருட்டு. ஓடையில் தண்ணீர். கரடி. முன்கூட்டியே ஏரியா ஆபீசரிடம் சொல்லியிருந்தேன் என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. ராணி பார்த்துவிட்டார்.

"அதை உட்டுடுங்க சார். எங்களுக்காவ நீங்க பேசிப் பாத்தீங்க. நடுவுல உங்க பேரு எதுக்கு?"

நான் பேசவே இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வராது. அந்த வரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். டீயையும் முழுசாகக் குடித்தேன்.

ராத்திரி தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். என்ன என்று மனைவி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

நவ. 17, திங்கள்
நல்ல வெயில். கூரைக்கு ஆள் வரவில்லை.

மீட்டிங். ராணியின் பதில் ஏற்கும்படி இல்லையாம். ஒத்துக்கொண்டபிறகு மீறியது தப்பாம். ராணிக்குக் கீழே களமருதூருக்கு மாற்றம். வீடு, மாடு, படுத்த படுக்கையான மாமியார், எல்லாம் மலையில். தினம் போய்வர முடியாது. வேலையை விட்டுவிடுவார், எல்லோருக்கும் தெரியும்.

பெயர்கள் வரிசையாக வந்தன. சங்கராபுரம், ஓகே. களமருதூர், ஓகே. மலை?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் "ஓகே சார்" என்றேன். உங்கள் பக்கம் நெட் ஸ்லோ போல என்றார் பெ.மே. ஆமாம் சார் என்றேன்.