படிவத்தின் ஏழாவது வரி

ஜூன் 3, செவ்வாய்
கணிதப் பாடக் கண்காணிப்பாளர் பதவிக்கு நான் போட்ட விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பதவி கிடைத்தால் வகுப்பறைக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மற்றவர் வகுப்பை எட்டிப் பார்த்துக் குறை எழுதினால் போதும். இருபத்தாறு வருடக் கனவு. இந்நேரம் ஒரு நத்தை நிலாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

காரணம்: அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லையாம். அந்தப் பயிற்சியை எட்டு வருடம் நடத்தியவனே நான்தானய்யா! அலுவலக எழுத்தரிடம் போய்க் கத்தினேன்.

"கலந்துக்கிட்டவங்களுக்குத்தான் சார் சான்றிதழ். நடத்தினவங்களுக்குக் கிடையாது."

"கலந்துக்காமயாம்மா நடத்தினேன்?"

"அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

என் பெருமூச்சில் அந்த அறையின் கூரை இரண்டு அங்குலம் உயர்ந்தது.

ஜூன் 4
பயிற்சியில் பெயர் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

ஜூன் 16, திங்கள்
நாற்பது பேர். எல்லாரும் நேற்றுத்தான் பல் முளைத்தவர்கள். பயிற்சி கொடுக்க வந்து நின்றவள் யார்? என் அக்கா மகள்! 'பயிற்சி பெறுபவர்' அட்டையை என் கழுத்தில் அவளே மாட்டினாள்.

"மாமா, இங்க மட்டும் என்னை மேடம்னு கூப்பிடணும்."

சிரிப்பை மறைக்கக்கூட முயலவில்லை, கிராதகி.

ஜூன் 17
பின்னம் புரிவதற்காகக் காகித வட்டம் வெட்டினேன். ஐம்பத்தைந்து வயதில்.

ஜூன் 19, வியாழன்
மாதிரி வகுப்பு. கூடப் பயிற்சி பெறுபவர்கள்தான் மாணவர்கள். இருபடிச் சமன்பாட்டை வானம் பிளக்க நடத்தினேன். கைதட்டலுக்குக் காத்திருந்தால், கையில் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. ஏழாவது வரி: கேள்வி கேட்டபின் மாணவருக்குப் பத்து விநாடி அவகாசம் தருகிறாரா? பக்கத்தில் அக்கா மகள் எழுதியிருந்தாள்: 'பதினான்கு கேள்விகள். பதினான்குக்கும் அவரே பதில். அதிகபட்ச அவகாசம் இரண்டு விநாடி.'

"எந்த மடையன் இப்படி ஒரு வரியப் போட்டான்?"

"கீழ பாருங்க மாமா."

படிவம் தயாரித்தவர் — நான்.

"உங்க ஒன்பதாம் வகுப்புலயே இன்னொரு தடவை நடத்துங்க. இதுல தேறினாத்தான் சான்றிதழ்."

எட்டு வருடம் ஊருக்கெல்லாம் சொன்னேன். ஒரு நாளாவது நான் செய்தேனா? எரிச்சலா வருது. யார் மேல?

ஜூன் 26, வியாழன்
அக்கா மகள் கடைசி பெஞ்சில். கரும்பலகையில் பாதிக் கணக்கு. "அடுத்து என்ன?" என்று கேட்டு வாயைப் பூட்டிக்கொண்டேன். மூன்று, நான்கு... உலகில் ஒரு பனியுகம் வந்து போனது. ஐந்து, ஆறு... நாக்கு துடித்தது. எட்டில், ஜன்னலோரத்து ஊமைக்கோட்டான் எழுந்தாள். இரண்டு வருடமாக என் வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"சார், நீங்க போட்ட ரெண்டாவது வரியே தப்பு."

தப்புதான்.

ஜூலை 9, புதன்
சான்றிதழ் வந்தது. தலைமையாசிரியை வாழ்த்திவிட்டுக் கேட்டார்: "விண்ணப்பத்தை அனுப்பிடவா சார்?"

போன மாதமென்றால் அவர் வாய் மூடுமுன் தலையாட்டியிருப்பேன். எண்ண ஆரம்பித்தேன். பத்தும் தாண்டியது.

"சார்?"

"ஒன்பதாம் வகுப்புக்கு மணி அடிச்சிட்டாங்க மேடம்."

சான்றிதழ் அவர் மேசையிலேயே இருக்கிறது. ஊமைக்கோட்டான் இன்று இன்னும் இரண்டு தப்பு பிடித்தாள். என்ன கொழுப்பு! நாளைக்கு இதைவிடக் கடினமான கணக்கோடு போகிறேன்.