விழுப்புரத்துக்கு மேலே போகும் கோடு

3-11-1958, திங்கள்
மதியம் ஆபீசில் வரைய ஒன்றும் இல்லை. மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நூற்று எண்பத்திரண்டு மைல். டகோட்டா விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்.

மஜீத் அண்ணனுக்குக் கொழும்புக் கடையில் 22 வரை லீவு கிடையாது. 23 காலை எட்டரைக்குக் கொழும்பு விமானத்தில் திருச்சியில் இறங்குவார். அன்றைக்கே அசர் தொழுகை முடிந்து நாலு மணிக்குத் தங்கச்சி பாத்திமாவுக்கு நிக்காஹ். அத்தா மவுத்தாகும் முன் கேட்டது ஒன்றுதான் — தன் இடத்தில் மஜீத் உட்கார்ந்து அவளைக் கொடுக்கணும்.

"ரயில்ல வரச் சொல்லு. விழுப்புரத்துல இறங்கினா நம்ம ஊருக்கு பஸ் இருக்கு" என்கிறார் மாமு. ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? வந்தாலும் வீடு சேர மூன்று மணி. பத்து மணி விமானத்தில் மெட்ராஸ் போய் டாக்சியில் திரும்பினால் இரண்டரை. கடிதம் போட்டுவிட்டேன்.

4-11
பக்கத்து மேசை கலியபெருமாள் என் பென்சில் கோட்டைப் பார்த்தான். திருச்சி–மெட்ராஸ் கோடு நேராக விழுப்புரத்து மேல் போகிறது. "விழுப்புரம் மேலயே பறந்து, மெட்ராஸ் போயி, திரும்பி வருவாரா உங்கண்ணன்? அங்கயே குதிக்கச் சொல்லுய்யா."
வேகம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன்.

22-11
மழை மூட்டம். மீனம்பாக்கத்துக்கு டாக்சி சொல்லியாகிவிட்டது.

23-11, ஞாயிறு
ஒன்றரைக்குத் திருச்சியிலிருந்து தந்தி. மேகம், விமானம் கிளம்பவில்லை, காத்திருக்கிறேன். அதற்குள் ரயிலும் போயிருக்கும். பறக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டேன். தரையில் நிற்கிற நேரத்தை — ஏன் போடவில்லை?

மாப்பிள்ளை வீட்டார் இருட்டுவதற்குள் கடலூர் திரும்பணும். நாலரை வரை பொறுத்தார்கள். "நீயும் கூடப் பிறந்தவன்தானே தம்பி, நீ கொடுக்கலாம்" என்றார் நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத். சம்மதம் கேட்க இரண்டு சாட்சிகளோடு உள்ளே போனேன். பாத்திமா தலை தூக்கவில்லை.

"அண்ணன் வரலியா?"

"நான்தான் பிளேன்ல வரச் சொன்னேன்."

"தெரியும். மாமு சொன்னாரு."

வளையலை உருட்டினாள். "சரி, நீயே குடு. முணுமுணுக்காம சத்தமா சொல்லு. எனக்கு இங்க கேக்கணும்."

மாப்பிள்ளை எதிரே போய் உட்கார்ந்து, தங்கச்சியைக் கொடுக்கும் வார்த்தையைச் சொன்னேன். பாதியில் குரல் கம்மிப்போச்சு. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அண்ணன் வந்தபோது ஏழு மணி. விமானம் இரண்டரைக்குத்தான் கிளம்பியதாம். பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவினார். திட்டியிருக்கலாம்.

24-11
அண்ணன் கடலூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார். நேற்று ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாம். யாரும் கேட்காமலே மாமு சொன்னார்.

27-11
அண்ணனை ரயிலேற்ற விழுப்புரம் வரை போனேன். பிளாட்பாரத்தில் நிற்கும்போது மேலே சத்தம். வடக்கே போகிற விமானம். அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு தடவை சொன்னியாமே. ரெண்டும் கேட்டுச்சாம் பாத்திமாவுக்கு."

நான் ரயில் வருகிற பக்கமே பார்த்தேன்.

"இது எத்தனை மணிக்குடா மெட்ராஸ்ல இறங்கும்?"

"தெரியாதுண்ணா" என்றேன்.