எட்டாவது மடக்குக் கேமரா

17.7.1959

ஜெபமலர் அப்பாவுக்கு,

ஏழரை மணி பஸ்ஸில் குற்றாலம் போகிறேன். பங்களாவைக் காலி செய்கிற துரைசாணியம்மாள் ஒரு பழைய மடக்குக் கேமரா தருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது எட்டாவது. சாரலில் நனைந்தாலும் வாங்காமல் திரும்ப மாட்டேன்.

சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. சுட வைக்கத் தெரியாவிட்டால் ஆறியதையே சாப்பிடுங்கள்.

நீங்கள் வரச் சொன்ன பழைய சாமான் வியாபாரி பத்து மணிக்குக் கடையநல்லூரிலிருந்து வருவார். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நேற்று வரை பூட்டிலேயே தொங்கிய கேமரா பீரோச் சாவி இன்று என் இடுப்பில் இருக்கிறது.

"படம் எடுக்காத குருட்டுப் பெட்டிய வச்சி என்னட்டி செய்யப் போற?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டீர்கள். திறந்து பார்ப்பேன், துடைப்பேன், மடக்கி வைப்பேன். அவ்வளவுதான் செய்வேன்.

சுகிர்தம்

எழுத விட்டுப்போனது: லென்ஸை உள்ளே தள்ளிவிட்டுத்தான் மூடியை மடக்க வேண்டும். தள்ளாமல் அமுக்கினால் பின்னாலுள்ள தோல் துருத்தி கிழிந்துவிடும். இன்று காலையில் மூன்றாவது கேமரா பாதி மூடியபடி கிடந்தது. ஜெபமலர் பாளையங்கோட்டை விடுதிக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் இருப்பது நாம் இரண்டு பேர். எனக்கு மடக்கத் தெரியும்.