பிரித்தானியப் போர்களும் அண்ணாவின் நெற்றியும்

1958 மே 25, ஞாயிறு

புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை பெய்யாமலே போனது. திரைச்சீலை துவைத்தாயிற்று. லண்டன் பரீட்சைக்குப் பிரித்தானியப் போர்கள்: ரோஜாப் போர்கள், குரொம்வெலின் அயர்லாந்து, கிளென்கோ, கலொடன். ஒவ்வொன்றுக்கும் மூன்று காரணம், போக்கு, விளைவு. கா., போ., வி. என்று குறித்துக்கொண்டால் மனதில் நிற்கிறது.

அயர்லாந்தில் கோபுரத்தில் ஒளிந்தவர்களைத் தேவாலயத்து வாங்குப் பலகைகளையே அடுக்கி எரித்தார்கள். கிளென்கோவில் படையாட்கள் வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கி, சாப்பிட்டு, சீட்டாடி, பிறகு ஒரு விடியலில் வீட்டுக்காரரையே கொன்றார்கள். பாடநூலில் நாலு வரி.

அண்ணா புத்தகத்தைப் பிடித்துக் கேள்வி கேட்டான்.

"எல்லாச் சண்டைக்கும் காரணம் மூண்டு மூண்டுதானோ?"

"புத்தகத்தில அப்பிடித்தான்."

"ஒழுங்கான ஆக்கள். எண்ணிப்போட்டுத்தான் வெட்டியிருக்கினம்."

ரயிலில் தமிழரை அடித்ததாகப் பால்காரர் சொன்னார். அம்மா நம்பவில்லை.

மே 26, திங்கள்

காலை நல்ல வெயில். அண்ணா கோட்டையிலுள்ள கந்தோருக்கு வேலைக்குப் புறப்பட்டான். வழக்கம்போல் அம்மா திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பூசிவிட்டா. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமா நோனா மதிலுக்கு மேலால் அண்ணாவிடம்:

"புத்தே, இன்னைக்கு போக வேணாம். போறதுன்னா நெத்தி கழுவு."

அண்ணா பைப்படியில் நெற்றியை நனைத்தான், என் ஈரத் துவாயால் துடைத்தான். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். சுத்தம்.

"ஒண்டும் தெரியேல்ல."

"என்ர சிங்களத்தைக் கேட்டா எனக்கே சந்தேகம் வரும், நான் தமிழனோ எண்டு."

மத்தியானம் வெள்ளவத்தைச் சந்தியில் புகை. நோனா எங்களைத் தன் பின்னறையில் வைத்துப் பூட்டினா. சுவரின் காற்றுத் துவாரத்தால் ஒழுங்கை தெரிந்தது. வேட்டி கட்டிய ஒருவர். சைக்கிள் சங்கிலியால் அடித்தார்கள். விழுந்ததும் வாயில் கல். ரோட்டில் பற்கள். அடித்தவன் நடுவில் நிறுத்தி, சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் அடித்தான்.

நோனா சோறு கொண்டுவந்தா. பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டதும் கிளென்கோ நினைவு. இங்கே விருந்தாளிகள் நாங்கள். அப்படி நினைத்ததற்கு வெட்கம்.

அண்ணா வரவில்லை.

மே 27, செவ்வாய்

ஊரடங்கு. அண்ணா இல்லை. அம்மா தண்ணீரும் குடிக்கவில்லை. நோனாவின் கணவருக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் எழுதுவினைஞர் வேலை, ஊரடங்குப் பாஸ் இருக்கிறது. பின்னேரம் வந்து அம்மாவுக்கு முன்னால் குந்தினார்.

"அக்கே, மகன் வார்ட்ல. உசிர் இருக்கு."

மே 28, புதன்

அவருடைய காரில் போனோம். தரையிலும் ஆட்கள். கருகிய தசை மணம். அண்ணாவின் புருவத்துக்கு மேலே, மயிர் விளிம்பில் தையல். இடது கை முறிந்திருக்கிறது. அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் சொன்னான்.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து ஏறினார்கள். "கொஹேத யன்னே?" என்று கேட்டார்கள். எங்கே போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னான். "ஹரி மல்லி", சரி தம்பி, என்று விட்டுவிட்டார்கள். அடுத்த சீட்டுக் கிழவரை இழுத்து இறக்கிப் பெற்றோல் ஊற்றினார்கள். அவர் எரிந்தபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தாராம். அப்போது ஒருவன் திரும்பி அண்ணாவின் நெற்றியைப் பார்த்தான். ஜன்னல் காற்றில் ஈரம் காய்ந்து, மூன்று கோடும் வெள்ளையாய் வந்திருந்தது. இரும்புக் கம்பி.

ஈரத் திருநீறு காய்ந்தால்தான் வெளுக்கும். எங்கள் வீட்டில் அது ஆருக்குத் தெரியாது? அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு அவ பூசவே மாட்டா."

வீட்டில் கொப்பியைத் திறந்தேன். கா. என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை.

மே 30, வெள்ளி

மழை. அண்ணாவை விட்டுவிட்டார்கள், கட்டில் போதாது. மூவரும் ஆமி லொறியில், பள்ளிக்கூட முகாமுக்கு. பாடநூலை நோனாவிடம் விட்டு வந்தேன். அவ வழியில் சாப்பிடப் பாண் சுற்றித் தந்தா, அழுதா.

லொறியில் அம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தா. திருநீறு. கையை வெளியே நீட்டி மழையில் நனைத்துக் குழைத்தா. காயக் கட்டுக்கும் புருவத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் நெற்றி மிச்சம். அண்ணா என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து கொடுத்தான்.

பாலம் தாண்ட மழை விட்டது. காற்று. சந்தியில் சாரம் கட்டிய ஆட்கள் கூட்டமாக நின்று லொறிக்குள் பார்த்தார்கள். நெற்றியில் ஒரு கோடு வெளுக்கத் தொடங்கியது. நான் துவாயை எடுத்தேன். அண்ணா நல்ல கையால் என் கையைப் பிடித்து மடியில் அழுத்தி வைத்துக்கொண்டான்.