உன் வீட்டுக்கு மேலே ஒற்றை எஞ்சின்

இன்று எனக்கு லீவு. மாத்தளையில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் உட்கார்ந்திருந்தேன். தூரிகை வாங்க வந்த பெயின்ட் அடிக்கும் பாஸ் ஒருவர், கையிலிருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்தார். மூடி சரியாக இறுகவில்லை. வாசனை மெல்லக் கிளம்பி வந்தது. பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய்.

நாம் பறக்கப் பழகிய சின்ன விமானங்கள் பெட்ரோல் குடிப்பவை. நீ பிறகு ஓட்டிய டர்போபிராப் குடிப்பதோ கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான். முதல் லீவில் நீ கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தபோது உன் ஜாக்கெட்டெல்லாம் அந்த வாசனை. “என்னடி, குப்பி விளக்கு மாதிரி மணக்குறாய்?” என்றேன். “இது நானே சம்பாதிச்ச வாசனைடி, கழுவ மாட்டேன்” என்றாய்.

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்கே அது சரியாக விளங்கும்.

நாம் சந்தித்தது மாத்தளையில் அல்ல, கடற்கரைப் பக்கத்து ரத்மலானையில். அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பறக்கும் பள்ளியின் முதல் நாள், எல்லாரும் புதுப் பைகளோடு வந்திருக்க, நான் மட்டும் வாப்பாவின் கடைப் பெயர் அச்சடித்த பையில் புத்தகங்களைக் கொண்டுபோயிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல். “நீங்க மாத்தளையா? இந்தக் கடையிலதான் எங்கப்பா ஆணி வாங்குவாரு.” திரும்பிப் பார்த்தால் நீ. அலுவிகாரையில் ஏ-ஒன்பது பாதையோரம் உங்கள் வாசனைத் திரவியத் தோட்டத்தைத் தாண்டித்தான் நாங்கள் தம்புள்ளைக்குப் போவோம். அவ்வளவு பக்கத்தில் வளர்ந்த இரண்டு பேர், ஆகாயத்துக்கு ஆசைப்பட்டுக் கடலோரத்தில் போய்ச் சந்தித்துக்கொண்டோம்.

அதன் பிறகு வீட்டுக்கு வருவதென்றால் இருவரும் ஒரே பஸ்தான். நீ என் தோளில் தூங்குவாய். அக்குரணை தாண்டும்போது காற்றில் குளிர் ஏறும். கண்ணைத் திறக்காமலே “ஊரு வந்திருச்சு” என்பாய். உங்கள் வீட்டில் உன் அம்மா ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீர் தருவார். முன்பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கறுவா எண்ணெய் விற்கும் கொட்டகை, பின்பக்கம் உன் அப்பாவின் சின்ன வயல். வயல் வரப்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு விமானப் பாடம் படித்தவர்கள் இந்த நாட்டில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

ஒரு பயிற்சி அடிக்கடி கனவில் வருகிறது. தென்னந்தோட்டங்களுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் எஞ்சின் வேகத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு எங்காவது இறங்கக் காட்ட வேண்டும். அன்று என் முறை. நீ பின் சீட்டில். சத்தம் அடங்கியதும் உலகமே பஞ்சுக்குள் போனதுபோல் ஆகிவிட்டது. காற்று சிறகைத் தடவிக்கொண்டு போவது மட்டும் கேட்டது. ஆனாலும் விமானம் விழவில்லை. கீழே ஒரு புல்வெளியை நோக்கிச் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்கு வந்த பிறகு நீ சொன்னாய்: “பாத்தியா? கல்லு மாதிரி விழல. யோசிக்க நமக்கு நேரம் குடுக்குது.”

லைசன்ஸ் கைக்கு வந்தது, வேலை வரவில்லை. பெரிய விமானக் கம்பெனிகள் ஆள் எடுக்கவில்லை. எடுத்த இடத்திலும் நம்மைப் போலக் கொஞ்ச மணித்தியாலம் பறந்தவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்போதுதான் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து உனக்கு அந்த வேலை வந்தது. ஒற்றை எஞ்சின் டர்போபிராப். மண் ஓடுபாதைகளுக்கு மாவு மூட்டையும் மருந்தும் மனிதர்களும் கொண்டுபோகும் வேலை.

உங்கள் வீட்டில் அன்று நடந்ததை நீயே எனக்கு நடித்துக் காட்டினாய். “ஒத்த எஞ்சின்லயா எம்புள்ளய அனுப்புறது?” என்று அம்மா. “நம்ம லொறிக்கும் ஒத்த எஞ்சின்தானம்மா” என்று நீ. “லொறி நின்னா எறங்கித் தள்ளலாம்டி. அங்க யாரு வந்து தள்ளுவா?” உன் அப்பா வாசல் பக்கம் போய்ச் சிரித்தாராம்.

மறுநாள் உன் அண்ணனின் ஸ்கூட்டரில் ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது எதிரே மலையும் இல்லை, பாதையும் இல்லை. பனிமூட்டம் நம் காலடியில் வந்து நின்று, யோசித்து, பிறகு நம்மையும் மூடிக்கொண்டது. அந்த வெள்ளைக்குள் உன் குரல் மட்டும் இருந்தது.

“ரெண்டு எஞ்சின் விமானம் ஓட்டின மணித்தியாலம் அங்க சேராதேடி” என்றேன் நான். “நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரன் அதத்தான் கேப்பான்.”

“கேக்கட்டும். இப்ப நம்மகிட்ட என்னா இருக்கு? லைசன்ஸ் இருக்கு, ஓட்ட ஒன்னுமில்ல. அங்க போனா டர்பைன் எஞ்சின் ஓட்டுவேன். கொஞ்ச நாள்ல நானே கேப்டன். முடிவெடுக்கப் பழகுவேன்டி.”

“தனியா ஈக்கணும். காலநிலை சொல்லக்கூட ஒழுங்கா ஆளில்ல என்டு சொல்றாங்க.”

“பயமாத்தான் இருக்கு” என்றாய். காற்று ஒரு கணம் வெள்ளையைக் கிழித்தது. வெகு கீழே ஒரு துண்டுத் தேயிலைப் பச்சை தெரிந்து மறைந்தது. “பயமா இருக்கு, ஆனா போகணும் போலவும் இருக்கு. ரெண்டும் ஒன்னாவே இருந்துட்டுப் போகட்டும்.”

நீ போனாய். நான் கடையில் தாழ்ப்பாளும் கீல்களும் விற்றுக்கொண்டு, வரப்போகும் பெரிய விமானத்துக்காகக் காத்திருந்தேன். உன் குரல் பதிவுகள் வந்தன. சிவப்பு மண் பாதையில் ஆடுகள் மேயுமாம். அவற்றை விரட்டவே ஒருமுறை தாழ்வாகப் பறந்துவிட்டுப் பிறகுதான் இறங்க வேண்டுமாம். மூட்டைகளை நீயே எடை பார்த்து அடுக்குவாயாம். கேட்கும்போது எனக்குக் கடையின் சுவர்கள் மறைந்துபோகும். நானும் அந்தச் சிவப்புத் தூசிக்குள் நிற்பேன்.

மாப்பிள்ளை கதையை நீ அனுப்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மலைக்கு அப்பாலுள்ள கிராமத்தில் அன்று மாலை கல்யாணம். மாப்பிள்ளை உன் விமானத்தில். கணவாயை நெருங்கும்போது மேகம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அடியில் ஒரு சின்ன வெளிச்சம். “அதுக்குள்ள போய்ப் பாக்கலாம்னு ஒரு ஆசை வந்துச்சுடி. மாப்பிள்ளை வேற பூப்போட்ட சட்டையோட பக்கத்துல உக்காந்து அழுவுற மாதிரி பாக்குறாரு.” நீ திரும்பிவிட்டாய். தரையில் மனேஜர் கத்தினான். வேறு பைலட்டாக இருந்தால் போயிருப்பான் என்றான். “போயிருப்பான் சார். வந்திருப்பானான்னு தெரியாது” என்றாய் நீ. மறுநாள் காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்க, நீயே அவரைக் கொண்டுபோய் இறக்கினாய். ஒரு நாள் பிந்திக் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் உன்னைப் பாயில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

அந்தப் பதிவின் கடைசியில் உன் குரல் மாறியது. “எல்லாரும் ஒத்த எஞ்சின்னு பயப்படுறாங்க. எஞ்சின் பாட்டுக்கு ஒழுங்காதான்டி ஓடுது. ‘இன்னைக்கு வேணாம், போகல’ன்னு நம்மளச் சொல்ல விடுறாங்களா, அதுதான் விசயம். நீ எங்க வேலைக்குப் போனாலும் மொதல்ல அதக் கேளு.”

பிறகு நீ இரண்டாவது லீவில் வந்தாய். வயலில் வேலை நடந்துகொண்டிருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா முணுமுணுக்க, நீ காற்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினாய். ஆகாயத்திலேயே இருந்து இருந்து களைத்துவிட்டேன், கால் மண்ணைத் தொடட்டும் என்று சிரித்தாய். குதிகாலில் ஏதோ கீறல் இருந்ததாம். யார் அதைக் கவனித்தார்கள்?

கொஞ்ச நாளில் வந்ததைச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். பெனடோல் மாத்திரை போட்டுப் படுத்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கண்கள் மஞ்சளாகிவிட்டன. எலிக்காய்ச்சல், வயல் சேற்றிலிருந்து கீறல் வழியாக ஏறியிருக்கும் என்றார்கள். பிந்திவிட்டது என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. நான் வந்து பக்கத்தில் நின்றேன். “அங்க ஒரு மெசேஜ் போட்டுடுடி. திரும்பிப் போக ஒரு வாரம் பிந்தும்னு” என்றாய். போட்டேன். அவர்கள் நலம் விசாரித்துப் பதில் அனுப்பியபோது நீ இல்லை.

உங்கள் கொட்டகையில் கறுவாப் போத்தல்களை ஒதுக்கிவிட்டு உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “ஒத்த எஞ்சின் ஒத்த எஞ்சின்னு மேலயே பாத்துக்கிட்டு இருந்தேனே. வீட்டுக்குப் பின்னால பாக்கலியே” என்றார்.

அதன் பின் நான் விமானத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மேகம் மாத்தளை மலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

இந்த வருடம் வேலை ஒன்று வந்தது. இங்கேயே. மிதவை பொருத்திய ஒற்றை எஞ்சின் டர்போபிராப்; ஓடுபாதையிலும் இறங்கும், நீர்த்தேக்கத்திலும் இறங்கும். உல்லாசப் பயணிகளைச் சிகிரியாவுக்கும் மலைநாட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். அதே கிழமையில் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் செய்தி அனுப்பினான்: பெரிய கம்பெனி ஒன்று ஆள் எடுக்கப் போகிறதாம், பொறுத்திருந்தால் ஜெட்டிலேயே ஏறலாமாம், சின்ன விமானத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாமாம்.

வாப்பா சாப்பாட்டுக் கோப்பையில் விரலை வைத்தபடி யோசித்தார். “ஒன்டு பழுதானா மத்தது ஈக்கு என்ட தைரியம் மனிசனுக்கு வேணுமே மகள்.”

“ஒன்டுதான் வாப்பா. ஆனா நின்டாலும் ஒடனே விழாது. தண்ணிலயும் எறங்கலாம்.”

“அந்தப் புள்ள ஈந்தா என்ன சொல்லும்?”

“ஒரு கேள்வி கேக்கச் சொல்லும்.”

“அப்ப போய்க் கேளு” என்றார்.

நேர்முகத்தில் தலைமை விமானி, நரைத்த சிங்களவர், எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். சிங்களத்திலேயே கேட்டேன். “சேர், காலநிலை சரியில்லை, இன்று போகமாட்டேன் என்று நான் சொன்னால், அந்தச் சொல் இங்கே செல்லுமா?” வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பினார். “நேற்று நானே பாதி வழியில் திரும்பி வந்தேன். பயணிகளை வேனில் அனுப்பினோம். வேனில் போனாலும் சிகிரியா மலை அதே இடத்தில்தானே இருக்கும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?” என்று கேட்டார். என் தோழி என்றேன். அவளும் பறக்கிறாளா என்றார். பறந்தாள் என்றேன்.

அந்த வேலைக்குச் சம்மதித்துவிட்டேனடி. ஜெட் வந்தால் வரட்டும், அப்போது பார்க்கலாம்.

கையெழுத்திட்ட பிறகு நான் முதலில் போனது உங்கள் வீட்டுக்கு. பிற்பகல் வெயில். அம்மா கொட்டகையில் கராம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். நீ போனதிலிருந்து அவர் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று உன் அண்ணன் சொல்லியிருந்தான். மேலே சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாராம். அதனால் வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் சொன்னேன்.

அவர் கை நிற்கவில்லை. நிமிராமலே, “அதுவும் ஒத்த எஞ்சினா?” என்றார்.

“ஓம் அம்மா.”

“இந்தப் பக்கமா போகுமா?”

“சிகிரியாவிலிருந்து தெற்கால வாறப்ப ஒங்கட வீட்டுக்கு மேலதான்.”

“எப்ப?”

“காலைல. மழை கட்டுறத்துக்கு முந்தி.”

அவர் உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்தார்.

போன கிழமை முதல்முறையாக அந்தப் பாதையில் வந்தேன். இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் நான். பின்னால் பயணிகள் யன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பேச்சில்லாமல் இருந்தார்கள். ரிவர்ஸ்டன் பக்கம் மேகம் பாலாடைபோல் படிந்திருக்க, மாத்தளைப் பள்ளத்தாக்கு மட்டும் திறந்து கிடந்தது. பாதை ஒரு நூல். கூரைகள். அதற்குப் பின்னால் நகம் அளவு ஒரு பச்சை. அதுதான் உங்கள் வயலாக இருக்க வேண்டும். சீரான இரைச்சலுக்குள் எனக்கு எல்லாம் தூக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. அந்த உயரத்திலிருந்து மனிதர்கள் தெரிவதில்லை. ஆனாலும் பார்த்தேன்.

சாயங்காலம் உன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. “வயலுக்குள்ள எறங்கி நின்னு மஞ்சத் துண்ட ஆட்டுனேன். தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சு அம்மா” என்றேன்.

“மேகத்துக்குள்ள போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார். பிறகு, “எந்திரம் நல்லாத்தான் ஓடுது. நாளைக்கும் வருவியா?”

“வானம் விட்டா வருவேன். விடாட்டி வர மாட்டேன் அம்மா.”

“அது சரி. வராட்டி, வரலன்னு ஒரு வார்த்த சொல்லிப்புடு. நான் வயல்ல சும்மா காத்து நிக்க மாட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து புறப்படும் முன் இரண்டு இடத்துக்குச் சொல்கிறேன்: கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் உன் அம்மாவுக்கும். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான் என்று நினைத்திருந்தேன். இப்போது வயலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு மனுஷியையும் சேர்த்துத்தான் சுமந்து பறக்கிறேன். பாரமாக இல்லை.