அப்பா விளையாட்டு வழக்கு

மார்ச் 4
சட்டம் படித்ததற்கு இன்று நல்ல மரியாதை கிடைத்தது. சீனியர் ஒரு மானநஷ்ட வழக்கைத் தூக்கி என் மேசையில் போட்டார். பிரதிவாதிகள், ஆறு வயதுப் பெண் ஒருத்தியின் பெற்றோர். அவள் மாடிப்படியில் 'அப்பா விளையாட்டு' விளையாடுகிறாளாம். இடுப்பில் கைவைத்து, "ஒரு டீ போட உனக்கு ஒரு யுகமா? உன்னைப் பெத்தவங்களச் சொல்லணும்" என்று பொம்மையை அதட்டுகிறாளாம். அது பக்கத்து வீட்டுக்காரரின் குரலாம். குடியிருப்பே சிரிக்கிறதாம். அந்த மகானுபாவர்தான் எங்கள் கட்சிக்காரர்.

மார்ச் 11
சீனியரின் வாதம்: குழந்தை பேசுவது அவரைப் போலவே இல்லை, ஆகவே பொய். கேட்ட எல்லோருக்கும் அவர்தான் என்று தெரிகிறது, ஆகவே அவதூறு.
"ரெண்டும் எப்படி சார் ஒண்ணா நிக்கும்?"
"நிக்க வைக்கத்தான் ஃபீஸ் வாங்குறோம்."
இத்தனை வருட அனுபவம் இதற்குத்தான் போலிருக்கிறது.

மார்ச் 19
கட்சிக்காரர் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாதான் சாட்சி. 'என் கணவர் வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை' என்ற ஒரு வரியைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்திலிருந்து கணவர், "முழுங்காம சொல்லித் தொலை" என்றார். குரலை உயர்த்தியதே இல்லாதவர்!
அவர் போன் பேச வெளியே போனதும் அந்த அம்மா கேட்டார்: "நான் இப்படிச் சொன்னா, அந்தப் புள்ளதான் பொய் சொல்லுதுன்னு ஆயிடும்ல?"
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தூ. நானும் ஒரு வக்கீல்.

மார்ச் 20
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2
விசாரணை. யாரோ போனில் பிடித்த குழந்தையின் விளையாட்டைப் போட்டுக்காட்டி, "அப்பட்டமான மிகைப்படுத்தல்!" என்று சீனியர் முழங்கினார். நீதிபதி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, கூண்டில் நின்ற மனைவியிடம் தானே கேட்டார்.
"குழந்தை அதிகப்படுத்திச் சொல்லுதாம்மா?"
அவர் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லைங்க. பாவம், அதுக்கு அவ்வளவு சத்தம் வராது."
யாரும் சிரிக்கவில்லை. சீனியரோ, தான் கூட்டிவந்த சாட்சியையே நம்பக்கூடாது என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 3
தள்ளுபடி. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் சீனியர். வெட்கங்கெட்ட மனுஷன்.

ஏப்ரல் 9
அந்த அம்மா தனியாக வந்தார், கையில் பெட்டியோடு. விவாகரத்து வேண்டுமாம். உங்கள் கணவர் எங்கள் கட்சிக்காரர், நான் எடுக்க முடியாது என்று சொல்லி, எதிர்க் கட்டடத்தில் இருக்கும் என் வக்கீல் தோழியிடம் கூட்டிப்போனேன்.
"கிளம்பும்போது அவர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.
"கத்தினாரு. எல்லாரும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. நான் மெதுவாத்தாம்மா படி இறங்கினேன்."