நான்தான் உன் கம்ப்யூட்டர்

மெட்ராஸ்,
12.6.1988

புளியங்குடிக்கு மருமகளாகப் போகிறவளுக்கு,

பத்திரிகை வந்தது. கல்யாணத்துக்கு வர முடியாது. பயிற்சியில் லீவு தரமாட்டார்கள். நீ ஆசைப்பட்ட இடம்தானே, புரிந்துகொள்வாய்.

சங்கரன்கோவிலில் நமக்கு ஏது கம்ப்யூட்டர்? நீ நோட்டில் புரோகிராம் எழுதுவாய். நான் கம்ப்யூட்டராக உட்கார்ந்து, எண்ணைப் போட்டு வரி வரியாகக் கணக்குப் பார்த்து விடை சொல்வேன். மதுரையில் நடந்த புரோகிராம் போட்டிக்கு முந்தின நாள் கேட்டாய்.

"நாலும் ஆறும் சரியா வருது. ஏழு போட்டுப் பாத்தியாட்டி?"

"பாத்தாச்சு. சரியா வருது."

போட்டியில் நடுவர் கொடுத்த எண்ணும் ஏழுதான். உன் புரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் போட்டியில் இருந்தேன்; பரிசாக இருந்த ஒரே பயிற்சி இடம் எனக்குக் கிடைத்தது. "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று உன் அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்.

அவசரத்தில் நான் ஏழு போட்டுப் பார்க்காமல் விட்டிருப்பேன் என்றும், என்னை மன்னித்துவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். ஏழு போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கம் கணக்குப் போட்டும் முடியவே இல்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். கல்யாணப் பரிசாக இத்துடன் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கம்ப்யூட்டர்